ஆலைகளில் அபாய மணிகளின் பெருக்கம்

கரும்பு பயிரிடுவோர் பங்குப்பணம் செலுத்தி நிறுவிய சர்க்கரை ஆலை, பால் உற்பத்தியாளர்களின் பதனிடும் நிலையம், நெசவாளர் நெய்த துணியை வெளுத்துச் சாயமேற்றித் தரும் ஆலை ஆகிய இவற்றிலெல்லாம் கட்டுப்பாட்டு அறை என்று ஓர் அறை உண்டு. மகாசபைக்கு வரும் அங்கத்தினர்கள் அரவைச் சாலையையும் கிடங்கையும் சுற்றிப் பார்ப்பார்கள். இவ்வறைக்குள் எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அங்கே ஒருவரோ இருவரோ திரைகளின் முன் அமர்ந்து, கொதிகலனின் நீர்மட்டம், நீராவியின் அழுத்தம், குளிரூட்டும் அம்மோனியாவின் நிலை முதலியவற்றை இரவும் பகலும் முறைபோட்டுக் கண்காணிக்கின்றனர். எந்த அளவேனும் தனக்கு விதித்த எல்லையைக் கடக்குமாயின் மணி ஒலிக்கும். திரையில் ஒரு வரி சிவந்து மின்னும். இதுவே அபாய மணி.

மணிகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பத்திரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நிர்வாகக் குழுவில் உள்ளவர்களும் அவ்வாறே எண்ணுவது இயல்பு. ஆனால், உண்மை இதற்கு நேர்மாறானது. ஆபரேட்டர் செய்யவேண்டிய காரியம் எதையும் குறிக்காத மணி, காரியத்தைக் குறிக்கும் மணியின் குரலை விழுங்கிவிடுகிறது. இந்தப் பாடத்தை உலகம் பெரும் நஷ்டத்தின் பேரிலேயே கற்றது. கூட்டுறவு ஆலைகளின் சொந்தக்காரர்களாகிய அங்கத்தினர்கள் இதனை அறிந்திருத்தல் நலம் என்று கருதி இக்கட்டுரையை வரைகிறோம்.

பெம்புரோக்கில் நிகழ்ந்தது

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மில்ஃபர்டு ஹேவன் துறைமுகத்தை ஒட்டிய பெம்புரோக்கில் டெக்ஸாக்கோ கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 1994-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே இடியும் மின்னலும் கூடிய புயல் வீசிற்று. மின்னல் தாக்கியதால் கச்சா எண்ணெயை வடிக்கும் பகுதியில் தீப்பற்றியது. மின்சாரமும் தடுமாறியது. ஆலையின் பெரும்பகுதி நிறுத்தப்பட்டது. ஒரு பிரிவை மட்டும் தொடர்ந்து நடத்த முயன்றனர்.

அப்பிரிவில், பியூட்டேன் வாயுவைப் பிரிக்கும் கோபுரத்தின் அடியிலிருந்து திரவம் வெளியேறும் குழாயில் ஒரு வால்வு இருந்தது. அது மூடிக்கொண்டுவிட்டது. திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. உள்ளே வரும் திரவம் வந்துகொண்டே இருக்க, வெளியேற வழியில்லாமற் போயிற்று. கோபுரம் நிரம்பிற்று. வேண்டாத வாயுவை உயரத்தில் கொண்டுபோய் எரித்துவிடும் கம்பத்தை நோக்கித் திரவம் பாயத் தலைப்பட்டது. அவ்வழியில் திரவத்தைப் பிரித்துத் தேக்கும் கலமும் நிரம்பி வழிந்தது. அக்கலத்திலிருந்து வெளிச்செல்லும் குழாய் வாயுவுக்காக அமைந்ததேயன்றித் திரவத்தைத் தாங்குவதற்காக அமைந்ததன்று. அது முறிந்தது. ஏறத்தாழ 20 டன் எரிபொருள் வெளியே கொட்டி ஆவியாகப் பரவி, பகல் 1 மணி 23 நிமிடத்திற்கு வெடித்தது. 26 பேர் காயமுற்றனர். விடுமுறை நாளாக இருந்தபடியால் உயிர்ச்சேதம் இல்லை. பொருள் நஷ்டம் சுமார் 4 கோடியே 80 லட்சம் பவுன்.

இங்கு நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. புயலுக்கும் வெடிப்புக்கும் இடையில் சுமார் 5 மணி நேரம் கழிந்தது. அவ்வளவு நேரமும் கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் இருந்தார்கள், மணிகளும் ஒலித்துக்கொண்டிருந்தன. வெடிப்புக்கு முந்திய கடைசி 11 நிமிடங்களில் இரண்டே ஆபரேட்டர்கள் முன் 275 மணிகள் ஒலித்தன என்று பிரிட்டிஷ் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்தின் விசாரணை தெரிவிக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டரை விநாடிக்குள் ஒரு மணி. திரவம் தேங்கும் கலம் அளவு மீறி நிரம்பிவிட்டது என்று அறிவித்த மணியும் அக்கூட்டத்தில் ஒன்று. அதனைத் தனியே பிரித்துக் கேட்க எந்தச் செவியாலும் இயலவில்லை.

அவ்வாலையின் மணிகளைப் பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது 2,040 மணிகள் இருந்தன. அவற்றில் 87 சதவீதம் மிக அவசரமானவை என்று வகுக்கப்பட்டிருந்தன. ஊரில் உள்ளோர் அனைவரும் நாட்டாண்மைக்காரர் என்றால் யார் சொல்லை யார் கேட்பது? மணிகளின் கதியும் அதுவே ஆயிற்று.

அதற்கும் முன்னே

இது புதிய அனுபவமும் அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் திரீ மைல் தீவு என்னும் இடத்திலுள்ள அணுமின் நிலையத்தில் 1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் அதிகாலையில் விபத்து நேர்ந்தது. முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் ஒலித்தன. முக்கியமானவை இவை, முக்கியமற்றவை இவை என்று பகுத்துக் காட்ட அங்கே ஏற்பாடு இல்லை. மணிச் செய்திகளைத் தாளில் அச்சிட்டுக்கொண்டிருந்த யந்திரம் நிகழ்ச்சிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மணிக்கணக்கில் பின்தங்கியது.

அங்கேயும் ஒரு வால்வே சூத்திரதாரி. அழுத்தத்தைத் தணிப்பதற்காகத் திறந்த வால்வு மீண்டும் மூடாமல் நின்றுவிட்டது. பலகையிலிருந்த விளக்கோ வால்வு மூடிக்கொண்டதா என்பதைக் காட்டவில்லை. மூடும்படி கட்டளை போயிற்றா என்பதை மட்டுமே காட்டியது. விளக்கு அணைந்திருந்ததைக் கண்டவர்கள் வால்வு மூடிவிட்டதென்று நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அணு உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. இவ்விரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் சோம்பேறிகளும் அல்லர், பயிற்சியற்றவர்களும் அல்லர். ஒரு மனிதனுக்கு எவ்வளவு கேட்கும், எவ்வளவு விளங்கும் என்பதை எண்ணாமல் அமைத்த ஏற்பாட்டிலேயே கோளாறு இருந்தது.

மணிகள் பெருகிய விதம்

பழைய ஆலைகளில் ஒரு மணியை அமைப்பதற்குப் பலகையில் ஓர் இடம், ஒரு விளக்கு, தனியாக ஒரு கம்பி ஆகியவை வேண்டும். செலவும் உண்டு; இடமும் அளவுடையது. ஆகையால், ஒரு மணி அவசியந்தானா என்று பொறியாளர்கள் விவாதித்தே அதனை வைத்தார்கள். 1970-களின் நடுவில் ஆலைகளை ஆளுவதற்குக் கணிப்பொறி அமைப்புகள் வந்தன. அவற்றில் மணி வைப்பது, பொத்தானை நாலு முறை அழுத்துவதாக முடிந்தது. அளவு உயர்ந்தால் ஒரு மணி, மிக உயர்ந்தால் ஒரு மணி, தாழ்ந்தால் ஒன்று, மிகத் தாழ்ந்தால் ஒன்று, அளவுகோல் பழுதானால் வேறொன்று என்று ஒவ்வொரு கருவிக்கும் நாலைந்து மணிகள் முளைத்தன.

இதனோடு மற்றொரு வழக்கமும் சேர்ந்தது. எங்கேனும் ஒரு சிறு விபத்து நேர்ந்தால், விசாரணையின் முடிவில் புதிதாக ஒரு மணி வைப்பார்கள். மணி வைப்பதற்குச் செலவில்லை. வைத்தோம் என்று எழுதி முடித்துவிடலாம். வைத்த மணியை எடுப்பதற்கோ ஒருவரும் துணியார். எடுத்த பிறகு விபத்து நேர்ந்தால் பழி தம் தலையில் விழுமென்ற அச்சமே காரணம். இவ்வாறு களையெடுப்பாரின்றி விளைந்த வயல் போல ஆலைகள் ஆயின.

மணி என்பது யாது?

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கிற்று என்பது நம் மக்கள் அனைவரும் அறிந்த கதை. கன்றை இழந்த பசு அசைத்தவுடன் மன்னன் இறங்கி வந்தான். அம்மணிக்கு வலிமை தந்தது அதன் ஓசை அன்று. ஒலித்தால் அரசன் வருவான் என்னும் உறுதியே. காற்றடித்தபோதெல்லாம் அது ஒலித்திருக்குமாயின், வாயில் காப்போன் அதன் நாவில் துணியைச் சுற்றியிருப்பான். பசுவின் முறையீடும் அத்துணியோடு போயிருக்கும்.

இன்றைய பொறியியல் விதிகளும் இதே கருத்தைத்தான் சொல்லுகின்றன. பிரிட்டனில் பொறியியல் சாதனங்களை உபயோகிப்போர் சங்கம் 1999-இல் தன் 191-ஆம் எண் வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் ஐ.எஸ்.ஏ. 18.2 என்னும் தரவிதி 2009-இலும், உலக அளவில் ஐ.ஈ.சி. 62682 என்னும் தரவிதி 2014-இலும் வந்தன. இவற்றின் சாரம் இதுவே: ஆபரேட்டர் காலத்தோடு செய்யவேண்டிய செயல் ஒன்று இருந்தால் மட்டுமே மணி ஒலிக்கலாம். செயல் இல்லையெனில் அது வெறும் செய்தி. செய்தியைக் குறிப்பேட்டில் பதிவு செய்துகொண்டால் போதும்.

ஆகவே ஒவ்வொரு மணியையும் கூண்டில் நிறுத்தி நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். நீ எக்காரணத்தால் ஒலிக்கிறாய்? உன்னைக் கவனியாவிட்டால் என்ன கேடு விளையும்? உன்னைக் கேட்டவர் என்ன செய்யவேண்டும்? அதைச் செய்ய அவருக்கு எவ்வளவு நேரம் உண்டு? இந்நான்கிற்கும் விடை உள்ள மணியை வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் கேள்விக்கு விடை இல்லாத மணியை நீக்கிவிடவேண்டும். கேட்டின் அளவையும், இருக்கும் நேரத்தையும் கொண்டு முக்கியத்துவம் வகுக்கவேண்டும். நூற்றுக்கு 5 மணிகள் மிக அவசரமானவையாகவும், 15 இடைத்தரமானவையாகவும், எஞ்சிய 80 சாதாரணமானவையாகவும் அமைதல் தகும் என்பது பொதுவான விதி. பெம்புரோக்கின் 87 சதவீதத்தை இதனோடு ஒப்பிட்டால் அங்கிருந்த நிலை விளங்கும்.

தானியங்கித் தறியில் வேலை செய்தவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. பாவிலுள்ள ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு தொங்குகிறது. எந்த இழை அறுந்தாலும் அதன் தகடு கீழே விழ, தறி நின்றுவிடுகிறது. கவனிக்கும் கண்கள் ஆயிரம். ஆனால், நெசவாளரை அழைக்கும் அழைப்பு ஒன்றே. அவர் செய்யவேண்டியதும் ஒன்றே: அறுந்த இழையைக் கண்டு முடிதல்.

கொதிகலன் ஓர் உதாரணம்

சர்க்கரை ஆலையின் கொதிகலனை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் ஒரு கணம் தளர்ந்ததால் நீரேற்றும் பம்பு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்க. உடனே பம்பு நின்றதென ஒரு மணி. நீரின் அழுத்தம் தாழ்ந்ததென ஒரு மணி. நீரோட்டம் குறைந்ததென ஒரு மணி. மேல் உருளையில் நீர்மட்டம் இறங்குகிறதென ஒரு மணி. சிறிது பொறுத்தால் நீராவி, டர்பைன், ஆவியாக்கும் கலங்கள் என்று ஒவ்வொன்றும் குரலெழுப்பும். இத்தனைக்கும் செய்யவேண்டிய காரியம் ஒன்றே: மாற்றுப் பம்பை உடனே ஓடவிடுதல். கரும்புச் சக்கையால் எரியும் கொதிகலனில் அடுப்பை நினைத்தவுடன் அணைக்க முடியாது. தட்டின்மேல் குவிந்த சக்கை கனன்றுகொண்டே இருக்கும். நீரில்லாத குழாய்கள் சூடேறி வளைந்து வெடிக்கக்கூடும். ஆகையால் அந்தச் சில நிமிடங்கள் பொன்னானவை. அவற்றை முப்பது மணிகளை ஒவ்வொன்றாக வாயடைப்பதில் செலவிடுவது அறிவுடைமையாகாது.

இதற்கு வழிகள் உண்டு. முதலில் ஒலித்த மணி எது என்பதைத் தனியே காட்டச் செய்யலாம். மூலகாரணம் தெரிந்தபின், அதன் விளைவுகளாகிய மணிகள் தாமே ஒடுங்கியிருக்கும்படி அமைக்கலாம். கொதிகலனைத் தானாக நிறுத்தும் அமைப்புக்கும் அபாய மணிக்கும் உள்ள எல்லைகளின் இடையே, ஆபரேட்டர் எழுந்து காரியம் செய்யப் போதிய அவகாசம் விடவேண்டும். மணி ஒலித்த மறுகணமே யந்திரம் தானாக நின்றுவிடுமாயின், அம்மணி எச்சரிக்கை ஆகாது, சாவோலையே ஆகும்.

மூவகைத் தொல்லைகள்

நாள்தோறும் தொல்லை கொடுக்கும் மணிகள் மூவகைப்படும். முதலாவது, ஓயாமல் பிதற்றும் மணி. நீர்மட்டம் 30 சதவீதத்தில் மணி ஒலிக்கவேண்டும் என்று வைத்திருந்தால், கொதிக்கும் நீர் 29-க்கும் 31-க்கும் இடையே தளும்பும்போது ஒரே நிமிடத்தில் பலமுறை ஒலித்து ஓயும். 30-இல் ஒலித்த மணி 35-ஐத் தொட்ட பிறகே அடங்கும்படி இடைவெளி விட்டால், அல்லது சில விநாடிகள் பொறுத்து ஒலிக்கச் செய்தால், இத்தொல்லை தீரும். ஒரு ஆலையின் மணி ஒலிகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து மணிகளிலிருந்தே பிறக்கக் காணலாம். எனவே முதல் வாரத்து வேலை இதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, நாட்கணக்கில் எரிந்துகொண்டே நிற்கும் மணி. ஓய்வில் நிற்கும் மாற்றுப் பம்பில் நீரோட்டம் இல்லை என்று அலறும் மணி இத்தகையது. பம்பு ஓடும்போது மட்டுமே அம்மணிக்கு வேலை என்று அமைத்துவிடவேண்டும். அரவைப் பருவத்துக்கு ஒரு விதமும், பருவமில்லாக் காலத்துக்கு வேறு விதமுமாக மணிகளை வகுப்பது இவ்வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது, வாயடைக்கப்பட்ட மணி. பழுதான கருவி ஒன்று தொல்லை தந்தால் அதன் மணியை ஒதுக்கிவைப்பது தவறன்று. ஆனால், யார் ஒதுக்கினார், ஏன், எத்தனை மணி நேரத்துக்கு என்று எழுதிவைக்கவேண்டும். முறை மாறும்போது வருபவரிடம் சொல்லவேண்டும். ஒதுக்கிய மணி குறித்த நேரத்தில் தானாகவே திரும்பவேண்டும். சொல்லாமல் அடைத்த மணி, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒப்பாகும். மணியை அடக்குவது வேறு, அபாயத்தை அடக்குவது வேறு என்பதை ஒவ்வொருவரும் நினைவில் வைத்தல் வேண்டும்.

எத்தனை மணி தகும்?

ஓர் ஆபரேட்டருக்கு, ஆலை ஒழுங்காக ஓடும் காலத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு மணி, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 150 மணிகள் வரை தகும். 300-ஐக் கடந்தால் கவனிக்க முடியாது. நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் ஒலிப்பது ஏற்கத்தக்கதன்று. ஆலையில் கோளாறு நேர்ந்த முதல் 10 நிமிடத்தில் 10-க்குக் குறைவான மணிகளே ஒலிக்குமாயின் சமாளித்துவிடலாம். நூற்றைத் தாண்டினால் ஆபரேட்டர் மணிகளையே கைவிட்டுவிடுவார். இவ்வளவுகள் சோம்பலுக்கு இடங்கொடுக்கும் சலுகை அல்ல. படித்து, காரணம் ஆராய்ந்து, எழுந்து சென்று செயல்பட்டு, பலன் கண்டு திரும்ப ஒரு மனிதனுக்கு வேண்டும் நேரத்தின் கணக்கு இது.

ஒலிக்காத மணி

மணிகளைக் குறைக்கச் சொல்லும் நாமே ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும். எஞ்சிய மணிகள் ஒலித்தே தீரவேண்டும். இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு என்னும் எண்ணெய்க் கிடங்கில் 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் விடியற்காலையில், பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்த தொட்டி ஒன்று நிரம்பி வழிந்தது. தொட்டியின் அளவுகோல் பாதியில் சிக்கி நின்றுவிட்டது. அதை நம்பியிருந்த மணிகள் ஒலிக்கவே இல்லை. தனியாக வைத்திருந்த கடைசிக் காவல் விசையும் வேலை செய்யவில்லை. நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அவ்வளவுகோல் அதற்கு முந்திய மாதங்களிலும் பலமுறை சிக்கியிருந்தது. ஆகவே முக்கியமான மணிகளை வேறு வேறு கருவிகளைச் சார்ந்து அமைப்பதும், குறித்த காலத்தில் மெய்யாகவே ஒலிக்கச் செய்து சோதிப்பதும் இன்றியமையாதவை.

அங்கத்தினர் கேட்கவேண்டியவை

மேற்கூறியவை பொறியாளர்களின் பொறுப்பு, நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் இருந்துவிடலாகாது. தனியார் ஆலையில் கொதிகலன் வெடித்தால் முதலாளிக்கு நஷ்டம். கூட்டுறவு ஆலையில் வெடித்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பங்குப்பணமும், வெட்டுக்கு நிற்கும் கரும்பும் சேர்ந்து எரிகின்றன. அவற்றிலும் மேலாக, இரவு முறையில் அவ்வறையில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளையே.

ஆதலின் அடுத்த மகாசபையில் நிர்வாகக் குழுவை நோக்கி ஐந்து கேள்விகள் கேட்கும்படி வேண்டுகிறோம். சென்ற மாதம் ஒவ்வொரு நாளும் ஓர் ஆபரேட்டருக்கு எத்தனை மணிகள் ஒலித்தன? அதிகமாக ஒலித்த பத்து மணிகள் எவை, அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது? ஒவ்வொரு மணிக்கும் காரணமும், விளைவும், செய்யவேண்டிய செயலும் எழுதிய பதிவேடு உண்டா? எல்லைகளை மாற்றுவதற்கும் மணியை ஒதுக்குவதற்கும் யார் அனுமதி வேண்டும்? கொதிகலனின் நீர்மட்ட மணி கடைசியாக என்று, யார் முன்னிலையில் ஒலிக்கச் செய்து சோதிக்கப்பட்டது?

இவற்றுக்கு விடை காண அந்நிய நாட்டு நிபுணர் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. கணிப்பொறியே மணிகளின் கணக்கை வைத்திருக்கிறது. பொறியாளர், பராமரிப்புத் தொழிலாளர், ஆபரேட்டர் ஆகிய மூவரும் வாரம் இருமுறை ஒரே மேசையில் அமர்ந்து, நாளுக்கு இருபது மணிகளை ஆராய்ந்தாலும் ஆலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் பெரும்பகுதி முடிந்துவிடும். மேசையில் ஆபரேட்டர் இருத்தல் மிக அவசியம். நள்ளிரவில் அம்மணிக்குச் செவிசாய்ப்பவர் அவரே. நிர்வாகக் குழுவினர் அடுத்த அரவைப் பருவம் தொடங்குமுன் இவ்வேலையை மேற்கொண்டு, அதன் பலனை அங்கத்தினர்களுக்கு அறிக்கையாகத் தருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.